வெயிட்டுல வச்ச கொக்கி

போட்டோவா சார்? எடுங்க எடுங்க, நான் ஒண்ணும் சொல்லல. வண்டியவா எடுக்குறீங்க, அந்தக் கொக்கியவா? கொக்கியத்தான? தெரியும். இந்த ரோட்டுல போற வர்ற ஆளு எல்லாம் மொதல்ல அதத்தான் பாப்பான். டிராக்டருக்குக் கொக்கி பின்னாடிதான இருக்கும், இவன் என்னடா மூஞ்சில மாட்டி வச்சிருக்கான்னு சிரிச்சுட்டுப் போவான். நீங்க சிரிக்கல. அதனால சொல்றேன்.

உக்காருங்க சார். உங்க கார் டயரு இப்போதைக்கு ஆவாது. பஞ்சர்காரன் என் ட்ரெய்லர் டயரக் கழட்டிப் போட்டிருக்கான், ட்யூபுல மூணு எடத்துல முள்ளு. அது முடிஞ்சாத்தான் உங்களுது. அந்த ஸ்டூலு வேணாம், ஆடும். இதுல உக்காருங்க. நான் நின்னுக்கிறேன், எனக்கு நின்னே பழக்கம்.

முன்னாடி தொங்குது பாருங்க கருப்பா, அம்மிக்கல்லு மாதிரி. இதுக்கு வெயிட்டுன்னு பேரு. பின்னாடி லோடு ஏறுச்சுன்னா டிராக்டரு முன் சக்கரத்தத் தூக்கும். தூக்காம இருக்க மூஞ்சில பாரத்தத் தொங்க வுடுறது. வாங்கும்போதே அதோடதான் வரும். வருஷம் பூரா சும்மா தொங்கும், அதுக்கு வேற சோலி கெடையாது. அதுல கொக்கி வச்சது நான்.

வண்டி என்னுது இல்ல சார். பக்கிரிசாமி மொதலாளியோடது. நான் டிரைவரு, காத்தமுத்து. மொதலாளி நல்ல மனுசன். எங்க ஊரு செல்லியம்மன் கோயிலுக்கும் அவருதான் தர்மகர்த்தா. நான் யாரையும் குத்தம் சொல்லல சார், அத மொதல்லயே சொல்லிப்புடுறேன். குத்தம்னு ஒண்ணு இருந்தா அது என் தம்பி அறிவழகன் மேலதான். கூடப் பொறந்தவன். நல்லா வந்துக்கிட்டு இருந்த காரியத்த கடைசி நிமிஷத்துல அவன்தான் கெடுத்தான்.

சித்திரைக் கடைசியில எங்க ஊருல திருவிழா. கடைசி நாளு காலையில ஆத்தா சப்பரத்துல வருவா. பெரிய தேருன்னு நெனச்சுக்காதீங்க. நாலு சக்கரத்து ட்ரெய்லரு மேல மூங்கில கட்டி, பூவ சோடிச்சு, நடுவுல ஆத்தா. அந்தச் சப்பரத்த இழுக்குறது இந்த வண்டி. வண்டிய ஓட்டுறது நான். வேற யாரு ஓட்டுனாலும் மொதலாளிக்குப் புடிக்காது. காத்தமுத்து ஓட்டுனா ஆத்தா தலையில வச்ச பூ அசையாதுடாம்பாரு. நாலு பேரு முன்னாடி சொல்லுவாரு சார். யாரு சொல்லுவா அப்படி?

சப்பரத்துக்கு முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்குற நாக்குல இரும்பு வளையம் இருக்கும். அத வண்டிக் கொக்கியில விட்டு பின்னு மாட்டணும். பின்னு மாட்டுறது என் வேல இல்ல. அது நாகலிங்கம், பூசாரி வீட்டு ஆளு. அவரு வந்து மாட்டுனதும் 'போலாம்'பாரு, நான் கிளச்ச விடுவேன். நானும் சரி, எங்க தெருவுல யாரும் சரி, சப்பரத்துல கை வைக்கிறதில்ல. அது ஒரு முறை. என் தம்பி கேப்பான், வண்டிய ஓட்டலாம், பின்ன மாட்டக் கூடாதா அண்ணேன்னு. ஏரோப்பிளேன் ஓட்டுறவனா சார் எறங்கி வந்து கதவச் சாத்துறான்? அவங்கவங்களுக்கு அவங்கவங்க வேல. இது புரியாது அவனுக்கு.

எனக்கு ஒரே ஒரு கொறதான் இருந்துச்சு. சீட்டுல உக்காந்தா ஆத்தா என் முதுகுப் பக்கம். ஊர்ல அத்தன தெருவுக்கும் அவளக் கூட்டிக்கிட்டுப் போறேன், அவ மொகத்த நான் ஒரு தடவகூட நேரா பாத்ததில்ல. திரும்பிப் பாத்தா வண்டி கோணும். கோணுனா பூ அசையும்.

அத்தன தெருன்னு சொன்னேன்ல, எங்க தெருவத் தவிர. எங்க தெரு வாய்க்காலுக்கு அந்தாண்ட இருக்கு. மெயின் ரோட்டுலேர்ந்து ஒரு மதகு, மதகத் தாண்டுனா தெரு. சப்பரம் மெயின் ரோட்டுல நேரா போயிடும். எங்க சனம் மதகுகிட்ட தட்டோட நிக்கும். தட்ட நாகலிங்கம் வாங்க மாட்டாரு, நேரமில்லம்பாரு. நின்ன எடத்துலயே சூடத்தக் கொளுத்திக் காட்டிட்டுக் கும்பிட்டுக்க வேண்டியதுதான். நான் அந்த எடத்துல லேசா ஆக்சிலேட்டர விட்டு வண்டிய மெதுவாக்குவேன். மொதலாளிக்குத் தெரியும், ஒண்ணும் சொல்ல மாட்டாரு. சொன்னேன்ல, நல்ல மனுசன்.

என் வீட்டுக்காரி வசந்தா. அவளும் அங்கதான் நிப்பா. ஒரு வருஷம் திருவிழா முடிஞ்சு சோறு போட்டுக்கிட்டே கேட்டா. "ஏங்க, ஆத்தாள ஓட்டிக்கிட்டு வர்றது நீங்க. உங்க கையிலதான ஸ்டேரிங் இருக்கு. நம்ம வாசலுக்கு ஒரு நாளு ஓட்டிக்கிட்டு வரக்கூடாதா?"

"அது என் இஷ்டமாடீ"ன்னேன்.

"கேட்டுப் பாத்திருக்கீங்களா?"ன்னா.

கேக்கவே இல்ல நான். இத்தன வருஷம் வண்டி ஓட்டி, ஒரு வார்த்த கேட்டதில்ல. அவ வேற என்ன கேட்டா என்கிட்ட? நகை கேட்டாளா, மாடி வீடு கேட்டாளா? வாசல்ல கோலத்தப் போட்டு வைப்பேன், ஆத்தா வந்து நிக்கணும், தட்ட என் கையால குடுக்கணும்னா, அவ்வளவுதான். அது எனக்கு நெஞ்சுல முள்ளு மாதிரி தைச்சுப்போச்சு.

மறுநாளே மொதலாளிகிட்ட கேட்டுட்டேன். களத்துல நெல்லு காயுது, அவரு கட்டில்ல உக்காந்திருக்காரு, நான் கையக் கட்டிக்கிட்டு நின்னேன். அவரு கோவப்படுவாருன்னுதான் நெனச்சேன். கோவமே படல. சிரிச்சாரு.

"வரக்கூடாதுன்னு எவன்டா சொன்னான்? உங்க தெரு முட்டுத் தெரு. உள்ள போனா வண்டியத் திருப்ப எடம் இருக்கா? ரிவர்ஸ்லதான் வரணும். ரிவர்ஸ்ல தள்ளுனா சப்பரம் கோணிக்கிட்டுச் சாக்கடையில எறங்கும். ஆத்தாளச் சாக்கடையில எறக்கச் சொல்றியா? வழி இருந்தா சொல்லு, வந்துட்டுப் போறா."

வழி இருந்தா சொல்லுன்னாரு சார். அந்த வார்த்தையத்தான் நான் புடிச்சுக்கிட்டேன். அவரு சொன்னதுல என்ன தப்பு இருக்கு? தெரு முட்டுத் தெருதான். ட்ரெய்லர ரிவர்ஸ் எடுக்குறது எவ்வளவு செரமம்னு கார் ஓட்டுற உங்களுக்குத் தெரியாது. நீங்க இந்தப் பக்கம் ஒடிச்சா அது அந்தப் பக்கம் போவும். கழுத்தையும் திருப்பி வச்சுக்கிட்டு ஓட்டணும். ஒரு சாண் தப்புனா போச்சு.

வசந்தாகிட்ட சொன்னேன், அவ மொகம் அப்படியே பூத்துப் போச்சு. தம்பிகிட்ட சொன்னேன். அவன் பாதியிலயே, "ஏண்ணே, கரும்பு லாரி நம்ம தெருவுக்குள்ள வருது. ஓட்டு கேட்டு வேன் வருது, மைக்கு கட்டி. அதெல்லாம் எப்படித் திரும்புது?"ன்னான். எல்லாத்துலயும் நொட்ட சொல்லுவான். லாரிக்கு ட்ரெய்லர் கெடையாதுடா, அது ஒத்த வண்டி, உனக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும்னேன். அவன் சென்ட்ரிங் வேலைக்குப் போறவன், வண்டியப் பத்தி என்ன தெரியும்?

ராவும் பகலும் இதே நெனப்பா இருந்தேன். உழும்போதும் இதே நெனப்பு. அப்பத்தான் ஒரு நாளு இந்த வெயிட்டப் பாத்தேன். கொக்கி பின்னாடி இருக்குறதுலதான தொல்ல? முன்னாடி இருந்தா? திருப்புற சக்கரமும் முன்னாடி, கொக்கியும் முன்னாடி, என் கண்ணும் முன்னாடி. தெரு முக்குக்கு முன்னாடியே சப்பரத்த நிறுத்தணும். பின் கொக்கியிலேர்ந்து கழட்டணும். வண்டியத் திருப்பிக் கொண்டாந்து சப்பரத்துக்கு நேரா மூஞ்சியக் காட்டி, முன் கொக்கியில மாட்டணும். மாட்டி, நான் ரிவர்ஸ்ல போவேன், ஆத்தா என்னப் பாத்தபடி பின்னாடியே வருவா. திரும்பி வரும்போது நான் நேரா தள்ளிக்கிட்டு வருவேன், கண்ணால பாத்துப் பாத்து. ஒரு சாண் என்ன, ஒரு விரல் தப்பாது.

புரியுதா சார்? இன்னொண்ணும் இருக்கு. அப்படி வந்தா ஆத்தா எனக்கு நேரா இருப்பா. எங்க தெருவுக்குள்ள போவும்போதாவது அவ மொகத்த நான் பாக்கலாம்.

பட்டறை அந்தோணிகிட்ட கொண்டு போனேன். அவன் பாத்துட்டு, வெல்டு வச்சா முடிஞ்சுதுன்னு கொக்கியத் தூக்கி வெயிட்டு மேல வச்சு வெல்டு வச்சான். பாக்க அழகா இருந்துச்சு. எருவு ஏத்துன ட்ரெய்லர மாட்டி ஒரு இழுப்பு இழுத்தேன், கொக்கி பெயர்ந்து கீழ விழுந்துருச்சு. வெயிட்டு வார்ப்பு இரும்பு சார், சாதாரண கம்பி வச்சு வெல்டு அடிச்சா அதுல ஒட்டாது. ஒட்டுன மாதிரி இருக்கும், பாரம் வந்தா வுட்டுரும். அந்தோணிய அன்னைக்கு நான் பேசுன பேச்சு... ஆத்தா இருக்கும்போது இப்படி ஆயிருந்தா?

அப்புறம் வெல்டே வேணாம்னு ஓட்ட போட்டோம். வார்ப்பு இரும்புல ஓட்ட போட்டா சுருளு வராது, கரித்தூளா கொட்டும். மூஞ்சியெல்லாம் கருப்பு. வெயிட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு தகடு, இந்தப் பக்கம் ஒரு தகடு, நடுவுல போல்ட்டு. குனிஞ்சு பாருங்க, தெரியும். இந்தத் தகடு பழைய கலப்பையில வெட்டுனது. நானே வெட்டுனேன். எருவு வண்டிய இழுத்தேன், கல்லு வண்டிய இழுத்தேன், அசையல.

ஒரு நாளு சாயங்காலம் மொதலாளிய எங்க தெருவுக்கே கூட்டிக்கிட்டு வந்து ஓட்டிக் காட்டுனேன். அவரு மதகுகிட்ட நின்னாரு, நான் ட்ரெய்லர முன்னாடி மாட்டி முட்டு வரைக்கும் போய், சாக்கடை ஓரமாவே தள்ளிக்கிட்டுத் திரும்ப வந்தேன். தெருவே நின்னு பாத்துச்சு. பொம்பளைங்க குலவை போட்டாங்க, வெறும் ட்ரெய்லருக்கு. கூட வந்த நாகலிங்கம், திரும்பும்போது ஆத்தா பின்பக்கமா நடக்கலாமான்னு ஒரு சந்தேகத்தக் கெளப்புனாரு. நான் சொன்னேன், முதுகக் காட்டாம, நம்மளப் பாத்துக்கிட்டே போறது மரியாததானங்க, பெரியவங்க வீட்டுலேர்ந்து நாங்க அப்படித்தான வர்றோம்னு. மொதலாளி சிரிச்சுட்டாரு. "வக்கீலுக்குப் போயிருக்கணும்டா நீ"ன்னாரு.

அப்புறம் கரண்டு கம்பி தாழ இருக்குன்னாரு. சரிதான், இருந்துச்சு. தம்பி ஈபி ஆபீசுக்கு நடையா நடந்து கம்பிய ஒசத்த வச்சான். நல்லது செஞ்சா நல்லதுன்னு சொல்லணும்ல. அப்புறம் மதகு தாங்காதுன்னாரு. கரும்பு லாரியே போற மதகுதான், இருந்தாலும் ஆத்தா விஷயம், அவரு பயப்படுறதுல நியாயம் இருக்கு. நாங்களே கல்லு அடிச்சுக் கட்டிக் குடுத்தோம். கடைசியில அவருக்குச் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. "சரிடா, இந்த வருஷம் வரட்டும்"னுட்டாரு.

அன்னைக்கு எங்க தெருவ நீங்க பாத்திருக்கணும் சார். சாணி தெளிச்சு, வாழமரம் கட்டி, வாசலுக்கு வாசல் கோலம். திருப்பூருக்கு வேலைக்குப் போன புள்ளைங்க எல்லாம் வந்திருக்கு. வசந்தா மஞ்சப் பொடவையில, தட்டுல தேங்கா பழம் வச்சு, சூடம் காத்துல பறந்துறக் கூடாதுன்னு அதுமேல வெத்தலையப் போட்டு மூடிக்கிட்டு நிக்கிறா. நான் ரோட்டுலேர்ந்தே பாத்தேன். அவளப் பொண்ணு பாக்கப் போன அன்னைக்குக்கூட அவ அப்படிச் சிரிச்சதில்ல.

முக்குக்கு முன்னாடி சப்பரத்த நிறுத்துனேன். நாகலிங்கம் பின் கொக்கியக் கழட்டி விட்டாரு. சப்பரத்து நாக்குக்குக் கால் உண்டு, கீழ விழாது, நிக்கும். நான் வண்டியத் திருப்பிக் கொண்டாந்தேன். நேருக்கு நேரா. மெதுவா, மெதுவா, வளையம் கொக்கிக்குள்ள போற வரைக்கும் விட்டு நிறுத்துனேன். மொத தடவயிலயே சரியா போய் உக்காந்துச்சு. இனிமே பின்ன மாட்ட வேண்டியதுதான் பாக்கி. பின்னு அங்கயேதான் சங்கிலியில தொங்குது.

நாகலிங்கத்தக் காணும்.

இப்பத்தான இருந்தாரு? இருந்தாரு. வயித்த வலின்னு வீட்டுக்குப் போயிட்டாருன்னு ஒருத்தன் சொன்னான். பூசாரி மேல, ஆத்தா பக்கத்துல உக்காந்திருக்காரு, அவரு எறங்க மாட்டாரு. ஊர் ஆளுங்க சுத்தி நிக்கிறாங்க, ஒருத்தரும் குனியல. மொதலாளி போன்ல பேசிக்கிட்டே அந்தப் பக்கம் போயிட்டாரு. அவருக்கு ஆயிரம் சோலி.

வயித்த வலி யாருக்கும் வரும்ல சார்? சித்திர வெயிலு, காலையிலேர்ந்து பட்டினி. அந்த ஆளக் குத்தம் சொல்ல முடியாது.

நான் சீட்டுலயே உக்காந்திருக்கேன். எஞ்சினு ஓடுது, காலு கிளச்சுல. ஆத்தா எனக்கு நேரா இருக்கா. அன்னைக்குத்தான் பாத்தேன் அவ மொகத்த. மூக்குத்தி மின்னுது. எங்க தெரு என் முதுகுக்குப் பின்னாடி இருக்கு, சத்தம் மட்டும் கேக்குது, மேளம் அடிச்சவன் நிறுத்திட்டான். எல்லாரும் அந்தப் பின்னத்தான் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. ரோட்டுல பஸ்ஸு ஒண்ணு வந்து ஆரன் அடிக்குது. நான் நெனச்சேன், கொஞ்சம் பொறுத்தா யாராவது வருவாங்க. யாராவது ஒருத்தரு மனசு எறங்கி வருவாங்க. காலு கடுக்குது, இருந்தாலும் கிளச்ச விடல நான்.

பொறுத்திருக்கணும்ல சார் அவன்? இத்தன வருஷம் பொறுத்தோம், இன்னும் செத்த நேரம் பொறுக்கக் கூடாதா?

அறிவழகன் கூட்டத்த வெலக்கிக்கிட்டு வந்தான். "என்னண்ணே, ஒரு பின்னுக்கா ஊரே நிக்குது?"ன்னான். சங்கிலியப் புடிச்சு, பின்ன எடுத்து, மாட்டிட்டான். டக்குன்னு சத்தம். எனக்கு இன்னமும் அந்தச் சத்தம் காதுல இருக்கு. மாட்டிட்டு, "போலாம்ணே"ன்னான்.

போலாம்ணேன்னான் சார். நாகலிங்கம் சொல்ற மாதிரியே.

நான் கிளச்ச விடல. விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு கேக்காதீங்க. வசந்தா அதத்தான் கேட்டா, அப்புறம். உங்க கையிலதான ஸ்டேரிங் இருந்துச்சுன்னு. எப்படி விடுறது? மொதலாளி அந்தப் பக்கம் போன்ல பேசிக்கிட்டு இருக்காரு, அவரு சொல்லாம எப்படிப் போறது?

தொட்டுட்டான் தொட்டுட்டான்னு கத்துனாங்க. சக்கரத்துக்கு அண்ட குடுக்குற கட்ட இருக்கும்ல, ஒருத்தன் அத எடுத்து தம்பி கையில போட்டான். பின்னு மேல கை இருக்கும்போதே போட்டான். ரெண்டு விரலு போச்சு. போச்சுன்னா துண்டா இல்ல, நசுங்கிப் போச்சு, இப்பவும் மடங்காது. அப்புறம் கல்லு பறந்துச்சு. எங்க ஆளுங்க மேலயும் கல்லு, அவங்க மேலயும் கல்லு. வாழமரத்தப் புடுங்கிப் போட்டாங்க. போலீசு வந்துச்சு. மொதலாளி தலையில அடிச்சுக்கிட்டாரு, இதுக்குத்தான்டா நான் வேணாம்னேன்னு. அவரு எப்ப வேணாம்னாருன்னு எனக்கு ஞாபகம் இல்ல, ஆனா அவரு கண்ணு கலங்கி இருந்துச்சு. தம்பிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவ அவருதான் காரு குடுத்தாரு. அதச் சொல்லணும்.

இதுக்கு நடுவுல ஒரு வேடிக்க கேளுங்க சார். சப்பரத்தத் திருப்பிக் கோயிலுக்குக் கொண்டு போவணும். முன் கொக்கியில மாட்டியிருக்கு. பின்ன எடுத்தாத்தான் வண்டியக் கழட்ட முடியும். ஊர்ல ஒருத்தனும் தொட மாட்டேங்குறான், தீட்டுப்பட்ட பின்னுன்னு. தொட்டவன் வகையறாவே எடுக்கட்டும்னு பூசாரி மேலேர்ந்து சொன்னாரு. மொதலாளி என்னப் பாத்தாரு. "எடுறா காத்தமுத்து"ன்னாரு.

எறங்கி எடுத்தேன். தம்பி ரத்தம் பிசுபிசுன்னு இருந்துச்சு, வழுக்குச்சு, வேட்டியால புடிச்சு இழுத்து எடுத்தேன். என் வாழ்நாள்ல சப்பரத்துல நான் கை வச்சது அந்த ஒரு தடவதான். மாட்டத்தான் கூடாது, கழட்டலாம் போலருக்கு! சிரிப்பு வருதுல்ல? எனக்கும் அப்புறம் நெனச்சா சிரிப்பு வரும். எடுத்துட்டு நிமிந்து பாத்தேன், மதகு மேல வசந்தா நிக்கிறா, தட்டோட. நான் எடுத்ததப் பாத்துக்கிட்டு நிக்கிறா. அப்புறம் தட்டோட திரும்பி வீட்டுக்குள்ள போயிட்டா.

அவ என்கிட்ட சரியா பேசி வருஷத்துக்கு மேல ஆச்சு. சோறு போடுவா, துணி தொவைப்பா, பேச மாட்டா. நான் என்ன சார் பண்ணுனேன்? அவளுக்காகத்தான ராவும் பகலும் மண்டைய ஒடச்சு இந்தக் கொக்கிய வச்சேன்? கெடுத்தது அவன். இவ அவனுக்குக் கஞ்சி காச்சிக்கிட்டு ஓடுனா ஆஸ்பத்திரிக்கு. அவன் இப்ப திருப்பூருல இருக்கான், கை சரியில்லன்னு வாட்ச்மேன் வேல. அவன்கிட்ட போன்ல பேசுறா, சிரிக்கிறா. நான் வந்தா வச்சுடுவா. நான் அவன்கிட்ட பேசுறதில்ல. பேச மாட்டேன். அவன் மட்டும் செத்த பொறுத்திருந்தா நாகலிங்கம் வயித்த வலி தீந்து வந்திருப்பாரு. வந்திருப்பாருல்ல? என்ன சார் பேசாம இருக்கீங்க?

இந்த வருஷம் சப்பரத்துக்கு டிராக்டரு வேணாம்னுட்டாங்க. கயிறு கட்டி ஊர் ஆளுங்களே கையால இழுத்தாங்க. எங்க தெரு ஆளுங்கள அன்னைக்கு ரோட்டுப் பக்கம் வர வேணாம்னுட்டாங்க, சண்டை சச்சரவு வேணாம்னு. நான் களத்துல இருந்தேன். மொதலாளிகிட்ட கேட்டேன், என்னங்க இப்படி ஆயிப்போச்சேன்னு. டிராக்டரு சத்தம் ஆத்தாளுக்கு ஆவலடா, குறி கேட்டதுல சொல்லிட்டான்னாரு. அப்ப எங்க தெருன்னேன். பாக்கலாம் பாக்கலாம், எல்லாம் அடங்கட்டும்னாரு. அவரு பாக்கலாம்னா பாப்பாரு சார். வேலய விட்டு என்ன நிறுத்தலையே? கொக்கிய அறுத்துப் போடுன்னுகூட சொல்லல. வசந்தாதான் சொன்னா. பேச்ச நிறுத்துனப்புறம் அவ வாயத் தொறந்து சொன்னது அது ஒண்ணுதான், அந்தச் சனியன அறுத்துப் போடுங்கன்னு.

அறுக்க மாட்டேன். சத்தம்தான பிரச்சன? அதுக்குச் சைலன்சரு இருக்கு. ரெட்ட சைலன்சரு வச்சா வண்டி பூன மாதிரி வரும், விசாரிச்சு வச்சிருக்கேன்.

பெரிய பிரச்சன அந்தப் பின்னுதான். உக்காந்து யோசிச்சுப் பாத்தா, எல்லாச் சண்டையும் அந்தப் பின்னாலதான வந்துச்சு? பின்ன யாரு மாட்டுறதுங்குறதுலதான? அதுக்கு வழி கண்டுபுடிச்சுட்டேன். வாங்க, கிட்ட வாங்க சார், அழுக்கா இருக்கும், பேண்ட்டு பத்திரம். போன மாசம்தான் அந்தோணிகிட்ட செஞ்சேன், மொதலாளிக்கே இன்னும் காட்டல. நீங்கதான் மொத ஆளு.

பின்னுக்குப் பதிலா இந்தக் கம்பி, இதுக்கு மேல ஸ்பிரிங்கு இருக்கு பாருங்க. கீழ்ப் பக்கம் சாய்வா செதுக்கியிருக்கு. வளையம் வந்து முட்டுச்சுன்னா கம்பி தானா மேல ஏறும். வளையம் உள்ள போனதும் தானா கீழ எறங்கிடும், கதவுத் தாழ்ப்பா மாதிரி. கழட்டுறதுக்குச் சீட்டு வரைக்கும் ஒயரு. அங்க உக்காந்தே இழுத்தா விட்டுரும். நாகலிங்கம் வேணாம், யாரும் குனிய வேணாம், நானும் எறங்க வேணாம்.

இருங்க, காட்டுறேன். இந்த ஸ்பேனர் வளையத்த சப்பரத்து வளையம்னு வச்சுக்குங்க. கொண்டாறேன், கொண்டாறேன்... கேட்டுச்சா? டக்குன்னு. இழுத்துப் பாருங்க, வராது. நீங்க தொடலாம் சார், இத யாரு வேணாலும் தொடலாம்.

இன்னொரு தடவ மாட்டுறேன், இப்ப எடுங்க போட்டோவ. நல்லா கிட்டக்க எடுங்க. இருங்க இருங்க, என் கை விழுது பாருங்க படத்துல. கைய எடுத்துக்கிறேன்.